சேர் போட்டாச்சு

இன்ஸ்பெக்டர் நஜிமுதீன் அவர்களுக்கு, உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது. முகஸ்துதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்து, மற்றவர்கள் கிறுக்கியதைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் சொல்கிறேன். உங்கள் ‘ழ’வைப் பார்த்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

ஆனால் நான் கையெழுத்துப் போட்ட உங்கள் மகஜரில் நான்காவது வரி தவறு. “தரமற்ற சிமெண்ட், போதிய கம்பி இல்லாமை ஆகியவற்றால் பால்கனி இடிந்து விழுந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். சிமெண்ட் நல்ல சிமெண்ட்; பாலக்கரையில் கடை வாசலில் நின்று, மூட்டை மூட்டையாகத் தேதி பார்த்து நானே வாங்கியது. கம்பி தேவைக்கு மேலேயே இருந்தது. இருந்த இடம்தான் தப்பு. தவிர, அது இடிந்து விழவில்லை, மடிந்தது. நீங்கள் வந்தபோது சுவரோடு ஒட்டி, கீல் போட்ட கதவு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது அல்லவா? அதை ஒரு தரம் நினைத்துப் பார்த்திருந்தால் இவ்வளவு நான் எழுத வேண்டியிருக்காது.

இந்த வித்தியாசம் தெரியாமல் என் மைத்துனன் பாலுவை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவனுக்காக இதை எழுதவில்லை. அவன் உள்ளே இருப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. வெளியே இருந்தபோதுதான் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறேன். ஒரு கட்டடம் ஏன் விழுந்தது என்று எழுதுகிற காகிதத்தில் சரியான காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் பெயர் தாயுமானவன். மலைக்கோட்டைச் சிவன் பெயரை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில், அதுவும் தெற்குச் சித்திரை வீதியில் குடியிருப்பது, எதிர்க்கட்சி ஆபீஸில் வாடகைக்கு இருப்பது மாதிரி. வீடு என் மனைவி ரெங்கநாயகியின் அப்பா வாங்கியது. கல்யாணமானதும் அவள் என் வீட்டுக்கு வரவில்லை, நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். முப்பத்திரண்டு வருடம் ஆயிற்று. தபால்காரர் என்னை ‘ரெங்கநாயகியம்மா வீட்டுக்காரர்’ என்பார். வீட்டுக்காரர் என்ற சொல்லுக்கு வீட்டுக்குச் சொந்தக்காரர் என்றும் பொருள் உண்டு. எங்கள் வாசலில் மட்டும் கிடையாது.

பாலு அவளுடைய தம்பி, கட்டடக் கான்ட்ராக்டர். படிப்பு இல்லை, ஆனால் அனுபவம் இருக்கிறது என்பான். ஒரே தப்பை முப்பது வீட்டில் செய்திருந்தால் அதற்கு அனுபவம் என்று பெயர்.

ரெங்கநாயகிக்கு ஓர் ஆசை இருந்தது. சித்திரைத் தேர் எங்கள் வாசலைத் தாண்டி, மேலச் சித்திரை வீதி முனையில் திரும்புவதை மேலேயிருந்து பார்க்க வேண்டும். கீழே நின்றால் முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும். ஐம்பத்தேழு வருடம் தலைகளைத்தான் சேவித்தாள். அதனால் வீட்டின் முன்பகுதிப் பழைய தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் தளம் போட்டு, அதையே தெருப்பக்கம் நாலடி நீட்டிப் பால்கனி எடுப்பது என்று முடிவாயிற்று. அந்தப் பால்கனிக்கும் அவள் ஒரு சட்டம் போட்டாள். பெருமாள் வாசலைக் கடக்கிற வரைக்கும் யாரும் மேலே நிற்கக் கூடாது. அவருக்கு மேலே நாம் நிற்பது அபச்சாரம்.

தேர்த்தட்டு நம் மாடியைவிட உயரமாகத்தான் இருக்கும், வேண்டுமானால் அளந்து பார்க்கலாம் என்றேன்.

“அளந்து பாக்க அவரு என்ன சன்ஷேடா?” என்றாள்.

இந்தச் சட்டத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெருமாள் தாண்டுகிற வரை பால்கனி காலி. தாண்டிய மறுநிமிடம் வீட்டிலிருக்கிற எல்லோரும் ஒன்றாக மேலே. தெற்குச் சித்திரை வீதியில் தவிர வேறெங்கும் பாரம் இப்படி வந்து இறங்காது.

ஒருநாள் சாப்பிடும்போது பாலுவிடம், பால்கனிக்கு எத்தனை எம்.எம். கம்பி போடுகிறாய் என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

“மச்சான், நீங்க ஃபைலுக்கு நம்பர் போடுங்க. கம்பிக்கு நான் போட்டுக்கிறேன்.”

“கேட்டா சொல்லேன்டா,” என்றாள் ரெங்கநாயகி, ரசத்தை ஊற்றிக்கொண்டே. “புரியவா போவுது.”

அடுத்த வாரம் நான் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே நடந்த டியூஷனில் சேர்ந்தேன். டிப்ளமோவில் அரியர் வைத்தவர்களுக்கான வகுப்பு அது. கான்கிரீட்டும் கம்பியும் சேர்ந்த கட்டட டிசைன் மட்டும் சொல்லிக் கொடுப்பார்கள். நடத்தியவர் அனுபமா, இருபத்தெட்டு வயதிருக்கும். என்னைப் பார்த்ததும், “பையனுக்கா சார், பொண்ணுக்கா?” என்றார். எனக்குத்தான் என்றேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, “அப்ப முன் பெஞ்சுல உக்காருங்க. பின்னாடி உக்காந்தா இவங்க உங்களையும் கெடுத்துருவாங்க,” என்றார்.

முதல் வகுப்பிலேயே ஒரு சாக்பீஸை எடுத்து மேசைமேல் நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு இரண்டு விரலால் வளைத்தார். பட்டென்று இரண்டானது. “கான்கிரீட்டும் இப்படித்தான். அமுக்கினா தாங்கும், இழுத்தா உடையும். எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் கம்பி. பாடம் இவ்வளவுதான். மத்ததெல்லாம் ஃபீஸுக்காகச் சொல்றது.”

இரண்டு சுவருக்கு நடுவில் இருக்கும் தளம் தொப்பை மாதிரி கீழே தொங்கப் பார்க்கும். அதனால் இழுப்பு அடிப்பக்கம், கம்பியும் அடிப்பக்கம். பால்கனிக்கு என்னை எழுந்து கையை முன்னால் நீட்டச் சொன்னார். உள்ளங்கையில் இரண்டு கனமான புத்தகங்களை வைத்தார்.

“எங்க சார் இழுக்குது?”

“தோளுக்கு மேல.”

“அங்கதான் கம்பி. பால்கனிக்குக் கம்பி மேல. கீழ வச்சா, வச்சதும் ஒண்ணுதான், வைக்காததும் ஒண்ணுதான்.”

அறுபத்தொரு வயதில் எனக்கு ஒரு விஷயம் முழுதாகப் புரிந்தது அன்றுதான். நான்கு மாதம் போனேன். அந்த நான்கு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது பாலம் எங்கே இழுபடுகிறது என்று யோசித்துக்கொண்டே வருவேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் எடை போட்டுப் பார்ப்பேன்.

அனுபமா சொன்ன இன்னொன்றைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு இத்துடன் இணைத்துள்ளேன், பக்கம் நாற்பத்தொன்று. “நல்ல டிசைன்னா விழாதது இல்ல சார். விழறதா இருந்தா சொல்லிட்டு விழறது. கம்பி சரியான எடத்துல இருந்தா மொதல்ல அது நீளும். வெடிப்பு விடும், தொங்கும், கதவு மூடாது. உள்ள இருக்கறவங்க மேஸ்திரியைத் திட்டிக்கிட்டே வெளிய வந்துருவாங்க. கம்பி அந்தப் பக்கம் இல்லேன்னா கான்கிரீட் ஒண்ணும் சொல்லாது. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சேம்பாங்க.”

மேலே இருக்க வேண்டிய கம்பி தானாக மேலே நிற்காது. ஆள் மிதித்தால் கீழே போய்விடும். அதற்கு முட்டாகச் சின்னக் கம்பியை ஸ்டூல் மாதிரி வளைத்து அடியில் வைப்பார்கள். அதற்குச் சேர் என்று பெயர். உட்காருகிற அதே சேர்தான். நான் படம் வரைந்து எடுத்துக்கொண்டு அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் அன்வரிடம் போனேன்.

“என்ன சார் இது, இவ்ளோ குட்டிச் சேரு? யாரு உக்காருவா?”

“பத்து எம்.எம். கம்பி உட்காரும்.”

“அதுக்குக் கால் வலிக்குதாக்கும்,” என்றார் அன்வர். பதினான்கு வளைத்துக் கொடுத்தார். அத்தனையும் ஒரே உயரம், ஒரு நூல் பிசகவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கான்கிரீட் போடுகிற அன்று, எல்லோரும் இருக்கும்போது, பாலுவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவன் விழிக்க வேண்டும். அப்போது சாக்கைக் கவிழ்த்துப் பதினான்கு சேரையும் அவன் முன்னால் கொட்ட வேண்டும். இதை நான் எத்தனை தரம் மனதுக்குள் நடத்திப் பார்த்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

தை மாதம், புதன்கிழமை, காலை ஒன்பது மணி. சாக்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கலவையைத் தாங்குகிற சென்டரிங் பலகைமேல் கம்பி கட்டி முடித்திருந்தது. பால்கனிக்கு மேல்பக்கக் கம்பியைப் பாலு மறக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பி கட்டுகிற பிச்சைமுத்து அடியில் ஆங்காங்கே ஜல்லிக்கல் வைத்திருந்தார். ஊற்றும்போது கொக்கியால் தூக்கி விட்டுக்கொள்வோம் என்றார். பத்துப் பேர் சட்டி சுமந்து மிதிக்கப்போகிற இடத்தில் ஜல்லிக்கல் எத்தனை நேரம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

“பாலு, சேர் போட்டாச்சா?”

அவன் போனில் இருந்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பி, “பிச்சைமுத்து, மச்சானுக்கு ஒரு சேர் போடுப்பா,” என்றான்.

கீழேயிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. பின்கட்டு மொட்டைமாடியில், எல்லாம் தெரிகிற மாதிரி போட்டார்கள். துண்டால் தட்டினார்கள்.

“அந்தச் சேர் இல்ல பாலு,” என்றேன்.

“பின்ன? ஈஸி சேரா?”

சட்டி தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் ரெங்கநாயகி டீத் தூக்கோடு படியேறி வந்தாள். என்னவென்று கேட்டாள். பாலு சொன்னான், “மச்சானுக்குச் சேர் சரியில்லையாம்க்கா.”

“குஷன் வச்சதாப் போடுடா. ரிட்டயர்டு ஆபீசராச்சே,” என்றாள். பிறகு சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தால் நிறுத்தத் தெரியாது. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிச்சைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நான் கேட்டது புரிந்திருக்கலாம். என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தார்.

“சாக்குல என்ன சார்?”

“பழைய இரும்பு,” என்றேன். “எடைக்குப் போடணும்.”

நாற்காலியில் உட்கார்ந்தேன். சாக்கைக் காலடியில் வைத்து, அதன்மேல் இரண்டு காலையும் வைத்துக்கொண்டேன். வசதியாகவே இருந்தது. மதியம் இரண்டு மணி வரை அப்படியே உட்கார்ந்து பார்த்தேன். பிச்சைமுத்து பால்கனிக் கம்பியை இரண்டு தரம் கொக்கியால் தூக்கினார். இரண்டு தரமும் அடுத்த சட்டியோடு வந்த கால் அதைக் கீழே அனுப்பியது. மூன்றாம் தரம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கம்பி அடியில் போய்ப் படுத்ததை நான் பார்த்தேன். அதன்மேல் கலவை விழுந்தது. பாலு பக்கத்தில் வந்து, “எப்படி மச்சான், சேர் நல்லாருக்கா?” என்றான். நன்றாக இருக்கிறது என்றேன்.

பதினான்கு நாள் காலையும் மாலையும் அந்தத் தளத்துக்குத் தண்ணீர் விட்டது நான்தான். நன்றாக நனைந்த கான்கிரீட் நன்றாக இறுகும். நான் அப்படிக் கவனித்ததால்தான் அது மூன்று மாதம் நின்றது. உங்கள் மகஜரில் சிமெண்டைக் குறை சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டுப் பிரித்த அன்று பாலு பால்கனி நடுவில் போய் நின்று குதித்தான். “பாருங்க மச்சான், நூறு கிலோ குதிக்குது.” உண்மையில் எண்பத்தாறு கிலோ. அது தாங்கியதில் ஆச்சரியமில்லை. கம்பியே இல்லை என்று வைத்துக்கொண்டால் கான்கிரீட் மட்டும் எவ்வளவு தாங்கும் என்று நோட்டில் போட்டுப் பார்த்திருந்தேன். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஏழு பேர் நிற்கலாம். எட்டாவது ஆளுக்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. பக்கம் அறுபத்து மூன்று. அந்தக் கணக்கை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிச் சரிபார்க்கலாம்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. வெடிப்பு வரும், பாலுவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டலாம் என்றுதான் இருந்தேன். தினமும் காலையில் பல் தேய்த்ததும் போய், பால்கனி சுவரோடு சேரும் இடத்தைக் குனிந்து பார்ப்பேன். ரெங்கநாயகி பக்கத்திலேயே மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருப்பாள். “என்னத்தத் தொலைச்சீங்க?” என்பாள். ஒன்றுமில்லை என்பேன். வெடிப்பு வரவேயில்லை. அது வராது என்பதும் பக்கம் நாற்பத்தொன்றில் சிவப்பு மையில் இருக்கிறது. நான்தான் எழுதினேன். அதைத் தவிர வேறெதையும் அந்த நோட்டில் நான் அடிக்கோடு போடவில்லை.

தேரன்று காலையில் வாசலில் பானகமும் நீர்மோரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு செல்லக்கிளி, பாலு குடும்பம் எல்லோரும் இருந்தார்கள். நான் பால்கனிக்கு நேர் கீழே அதே சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தேர் வந்தது, நின்றது, நகர்ந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

“பெருமாள் தாண்டிட்டாரு. வாங்க, வாங்க, திரும்பறதப் பாக்கலாம்,” என்றாள் ரெங்கநாயகி.

மாடிப்படி வாசலுக்கு உள்ளேதான். என்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும். பாலு, அவன் மனைவி, செல்லக்கிளி என்று எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது பழக்கம், முப்பத்தைந்து வருடம் ஃபைல் எண்ணியவன். ஏழு பேர் ஏறினார்கள். மேலே கைப்பிடிச் சுவரை ஒட்டி அவர்கள் இடம் பிடிக்கும் சத்தம் கேட்டது. ரெங்கநாயகி பானகப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கடைசியாக வந்தாள்.

“நீங்க வரலியா?”

“முட்டி வலிக்குது.”

“அதுக்கென்ன, மேலயும் ஒரு சேர் போடச் சொல்றேன்,” என்றாள். தை மாதச் சிரிப்பில் மிச்சம் வைத்திருந்தது கொஞ்சம் வந்தது. படியில் அவள் மெட்டிச் சத்தம் பதினெட்டு. எங்கள் வீட்டில் பத்தொன்பது படி. அதாவது கூப்பிட்டு நிறுத்த ஒரு படிக்கு நேரம் இருந்தது. அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்றால், எழுந்து என் நாற்காலியை நிலைக்கு உள்ளே இரண்டடி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

விசாரணையில் நீங்கள், “நீங்க மட்டும் எப்படி சார் தப்பிச்சீங்க?” என்று கேட்டீர்கள். பெருமாள் காப்பாற்றினார் என்றேன். திருத்தம்: நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சத்தம் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. மேளத்தில் பாதி அடங்கிவிட்டது. ரெங்கநாயகிக்கும் செல்லக்கிளிக்கும் தலையில் அடி, இரண்டு பேரும் பிழைக்கவில்லை. மற்றவர்களுக்கு எலும்பு முறிவு. பாலுவுக்குக் காறை எலும்பு. அந்தக் கட்டோடுதான் நீங்கள் அவனைக் கூட்டிப்போனீர்கள்.  ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் கை ரெங்கநாயகியின் கையில் இருந்தது, யார் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

உடைந்த துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். கம்பி அடியோடு ஒட்டிக் கிடக்கும். பதினான்கு சேரும் சாக்கோடு என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, ஒன்றுகூட வளையவில்லை. அவற்றை அன்று கொடுத்திருந்தால் அந்தப் பால்கனியில் இருபது பேர் நின்று தேர் பார்த்திருக்கலாம். பிச்சைமுத்து மேல் தவறில்லை. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். பாலு மேல் முட்டாள்தனத்துக்கு மட்டும் வழக்குப் போடலாம். எல்லாம் தெரிந்தவன் ஒருவன்தான் அந்த வீட்டில் இருந்தான். அவன் சேரில் உட்கார்ந்திருந்தான்.

நான்காவது வரியைத் திருத்தி எழுதும்போது ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்று மாடியில் அவள் சிரித்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.